ரிலே ஏற்றிய பக்கம்

அவர் சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கும். பேச்சுக்காகச் சொல்வதில்லை. அவருடைய மனைவி ஒரு வாரம் முழுக்கக் கவனித்துவிட்டே சொன்னாள்: பதினான்கு வேளைச் சாப்பாட்டில் பதினொரு வேளை.

"அண்ணே, ரிலே அண்ணனா? உங்க நம்பர ஒருத்தர் குடுத்தாரு. இங்க ஒரு லிஃப்ட் ரெண்டாவது மாடியில நின்னு போச்சு. மேலயும் போக மாட்டேங்குது, கீழயும் வர மாட்டேங்குது."

பேசுகிறவர் யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. எந்த ரக லிஃப்ட் என்பது மட்டும் பேச்சைக் கேட்டவுடனே தெரிந்துவிடும். அந்த ரகத்தைச் செய்த கம்பெனி மூடிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்பெனியோடு அதன் புத்தகங்களும் படங்களும் எங்கோ போய்ச் சேர்ந்தன. லிஃப்டுகளுக்கு அது தெரியாது. அவை பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மக்கர் பண்ணினால் அதைப் பற்றிக் கேட்க மிச்சம் இருந்த ஆட்களில் இவர் ஒருவர். இருபத்துமூன்று வருடங்களாக அந்த ரகத்தின் கண்ட்ரோல் பெட்டிகளைத் திறந்து பார்த்து, ஒவ்வொரு கோளாறையும் அதன் வைத்தியத்தையும் நான்கு தடித்த நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரிலே, அந்தப் பெட்டிகளுக்குள் டக்கென்று மாறும் சின்ன மின்சுவிட்ச், கிடக்கும். அதனால் வேலையிடத்தில் பெயரே ரிலே ஆகிவிட்டது. சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க இரண்டு நொடி ஆகும்.

"ஒரே விஷயத்த எத்தன பேருக்குத்தான் சொல்வீங்க?" என்றாள் மனைவி, ஆறிப்போன தட்டைப் பார்த்தபடி. அவள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு விஷயம் ஒரு இடத்தில் இருந்தால் ஆளாளுக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. "அந்த நோட்டுல இருக்கறத இன்டர்நெட்ல போட்டுருங்க. கேக்கறவங்ககிட்ட அட்ரஸக் குடுத்துட்டு நிம்மதியா சாப்பிடுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். தன் கடைக்காக வாங்கிப் போட்டிருந்த சர்வர் இடத்தில் ஒரு மூலையை மாமாவுக்கு ஒதுக்கித் தருவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். செருப்பைக் கழற்றியதிலிருந்து மறுபடி மாட்டியதுவரை மொத்தம் இருபது நிமிடம்.

"இதுக்குப் பேரு எஃப்டிபி, மாமா. இடது பக்கப் பெட்டி உங்க கம்ப்யூட்டர். வலது பக்கப் பெட்டி சர்வர். இங்கேர்ந்து ஃபைல அங்க இழுத்து விடுங்க. உலகமே பாக்கும். ரொம்ப சிம்பிள்."

"ஒரு தடவ என் கையால செஞ்சு பாத்துடறேன் மச்சான், இரு."

"அட, இதுல என்ன மாமா இருக்கு? லிஃப்டயே ஏத்தி எறக்கறீங்க, ஒரு ஃபைல ஏத்த மாட்டீங்களா?"

பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மனைவி சனிக்கிழமைகளில் உட்கார்ந்து நோட்டுகளைத் தட்டச்சு செய்தாள். அவர் எடுத்து வைத்திருந்த படங்களை அங்கங்கே சேர்த்தாள். இரண்டு மாதத்தில் பக்கம் தயார். வீட்டுத் திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது: மேலே கோளாறின் பெயர், கீழே காரணம், அதற்கும் கீழே எந்த டெர்மினலில், அதாவது எண் போட்ட எந்த ஒயர் முனையில், மீட்டரை வைக்க வேண்டும், எந்த இரண்டுக்கு நடுவே துண்டு ஒயரைப் போட்டுச் சோதிக்க வேண்டும் என்ற விவரம். இனி ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

முதல் மூன்று நாள் காலையும் சர்வர் அவரை உள்ளேயே விடவில்லை. வேலைக்குக் கிளம்புவதற்குமுன் அரைமணி நேரம் உட்காருவார். பாஸ்வேர்டை அடிப்பார். தவறு என்று வரும். நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லியபடி அடிப்பார். அப்போதும் தவறு என்று வரும். நான்காம் நாள் மனைவி அந்தத் துண்டுத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது ஒன்னா, இல்ல இங்கிலீஷ் எல்லா?"

போன் போட்டுக் கேட்டால், எல் என்றான் மைத்துனன். கடைசியில் இருப்பது மட்டும் ஒன்றாம். நடுவில் வட்டமாக இருப்பது பூஜ்யமா, ஓவா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டையும் போட்டுப் பாருங்களேன் மாமா" என்றான்.

உள்ளே போனதும் பக்கத்தை ஏற்றினார். முடிந்தது என்று வந்தது. முகவரியைப் போட்டுப் பார்த்தால் வெறும் வெள்ளைத் திரை. மறுபடி ஏற்றினார். வெள்ளை. கோப்பு சர்வரில் இருக்கிறது, கண்ணெதிரே வலது பெட்டியில் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாது. பொதுமக்கள் பார்க்கும் ஃபோல்டர் அதற்குள்ளே தனியாக ஒன்று உண்டு, அதைத் திறந்து அதற்குள்தான் போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவர இன்னொரு வாரம் ஆனது. யாரும் சொல்லவில்லை. சலித்துப்போய் எல்லா ஃபோல்டரிலும் ஒவ்வொரு நகலாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பலித்தது.

அதற்குப் பிறகு படங்கள். அவர் வீட்டில் எல்லாப் படமும் தெரிந்தது. மனைவி நூலகத்திலிருந்து பார்த்தால் படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் காலிக் கட்டம்.

"இங்க நல்லாத்தான தெரியுது!" என்று போனில் கத்தினார்.

"அங்க தெரிஞ்சா எனக்கென்னங்க? இங்க தெரியல. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

பக்கம் படங்களைத் தேடிப்போனது சர்வருக்கு அல்ல. அவருடைய வீட்டு மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்கு. அதனால் வீட்டில் மட்டும் கிடைத்தது. அதைச் சரிசெய்த பிறகும் பாதிப் படங்கள் வரவில்லை. படத்தின் பெயரில் எங்கோ ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தது. பக்கத்தின் உள்ளே அதே எழுத்து சின்னதாக இருந்தது. அவர் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

ஒரு நாள் காலை மேஜையை விட்டு எழுந்து நின்று, யாரிடம் என்றில்லாமல் பேசினார். "லிஃப்டுல ஒரு கோளாறுன்னா ஏதாவது ஒன்னு சுடும். இல்ல கருகின வாட அடிக்கும். இல்ல டக்கு டக்குன்னு சத்தமாவது போடும். எங்கயோ ஒரு எடத்துல நான் இங்க இருக்கேன்னு காட்டிக் குடுக்கும். இது என்னடான்னா, எல்லாம் சரியா இருக்கு, வெற்றிகரமா முடிஞ்சதுங்குது. போய்ப் பாத்தா ஒன்னுமே இல்ல!"

"டீ ஆறுது" என்றாள் மனைவி.

எப்படியோ ஒரு புதன்கிழமை மத்தியானம் நூலகத்திலிருந்து போன் வந்தது. "வந்துருச்சுங்க. படம் எல்லாம் தெரியுது." அவர் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் அடித்தளத்தில் முழங்கால்வரை கிரீஸோடு நின்றிருந்தார். அங்கேயே நின்றபடி, தன்னிடம் அடிக்கடி கேட்கும் முப்பத்தொரு பேருக்கும் பக்கத்தின் முகவரியை அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, ஒரு போனும் வராமல் முழுச் சாப்பாடு ஒன்றைச் சாப்பிட்டு முடித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை மனைவி பக்கத்தை அச்செடுத்து வந்து, நோட்டுகளை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாள். நூலகத்துக்காரியின் பழக்கம் அது. போட்டதைச் சரிபார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. கொஞ்ச நேரத்தில் அவரைக் கூப்பிட்டாள்.

"இது என்ன எண்ணு?"

"பதினேழு."

"நான் பதினொன்னுன்னு அடிச்சிருக்கேன். உங்க ஏழுக்குத் தலையே இல்லைங்க. ஒன்னும் ஏழும் ரெட்டப் புள்ளைங்க மாதிரி இருக்கு."

சனிக்கிழமை இருவரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் திருத்தினாள். இருபத்தாறு இடங்கள். முடித்தபோது அவளுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை, திருத்திய கோப்பை அவர் ஏற்றினார். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதை மாற்றிவிடலாமா?' என்று கேட்டது. ஆம் என்றார். பச்சைக் கோடு ஒன்று சரசரவென்று ஓடி நிரம்பியது. வெற்றிகரமாக முடிந்தது என்று வந்தது. முதல் தடவையிலேயே வேலை முடிந்ததில் அவருக்கே ஆச்சரியம். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டார். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு இழுத்தோம் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு நான்கு விரல் கீழே நின்றது. பலர் தடுக்கி விழப் பார்த்தார்கள். கட்டடத்து மேற்பார்வையாளர் அவரை மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் தன் பக்கத்தைத் திறந்து, இந்தக் கோளாறுக்கான தாளை மட்டும் அச்செடுத்துக்கொண்டார் ரிலே. அவருக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் தான் எழுதியது தாளாகக் கையில் இருப்பதில் ஒரு சந்தோஷம்.

"என்ன சார், புக்கெல்லாம் பாத்துத்தான் வேல பாப்பீங்களா?" என்றார் மேற்பார்வையாளர்.

"நான் எழுதின புக்குதான்."

கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். துண்டு ஒயரின் ஒரு முனையைப் பதினான்காம் டெர்மினலில் வைத்தார். மறு முனையோடு கை தானாகப் பதினேழுக்குப் போய் நின்றது. எதேச்சையாகத் தாளைப் பார்த்தார்.

பதினான்கு, பதினொன்று என்று போட்டிருந்தது.

கை அப்படியே நின்றது. பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவே போட்டால், லிஃப்ட் தரையோடு சமமாக நிற்கிறதா என்று சோதிக்கலாம். பதினான்குக்கும் பதினொன்றுக்கும் நடுவே இருப்பது கதவுப் பூட்டு லைன். அங்கே ஒயரைப் போட்டுவிட்டால், கதவு ஆவென்று திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே லிஃப்ட் நினைத்துக்கொள்ளும். ஒரு ஆள் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்கும்போது அது பாட்டுக்குக் கிளம்பிவிடும்.

ஒயரை எடுத்துப் பையில் போட்டார். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டினார். பக்கத்தில் கிடந்த கிரீஸ் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"என்ன சார், மயக்கமா?"

"உங்க கம்ப்யூட்டர கொஞ்சம் குடுக்க முடியுமா? அவசரம்."

மேற்பார்வையாளரின் அறையில் அந்த எஃப்டிபி மென்பொருளை இறக்கி நிறுவவே பதினைந்து நிமிடம் ஆனது. பாஸ்வேர்டைக் கேட்டது. துண்டுத் தாள் வீட்டில் இருந்தது. நடுவில் இருப்பது பூஜ்யமா, ஓவா? வீட்டுக் கம்ப்யூட்டர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டதிலிருந்து அவர் மறந்துபோயிருந்தார். ஒரு தடவை அடித்தார். இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை சிவப்பாக ஒரு வரி வந்தது: பல முறை தவறாக முயன்றதால் இந்தக் கணக்கு ஒரு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டுள்ளது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"இது பல் ஆஸ்பத்திரிங்க. அவரு சேர்ல படுத்திருக்காரு. பேச முடியாது."

"ஒரே ஒரு வார்த்தம்மா. ரொம்ப அவசரம். வாயத் தொறக்கச் சொல்லுங்க."

"தொறந்துதான் வச்சிருக்காருங்க. அதனாலதான் பேச முடியாது."

சர்வர்காரர்களின் உதவி எண்ணுக்குப் போட்டால் இசை வந்தது. அவருடைய அழைப்பு மிகவும் முக்கியமானது என்றது ஒரு குரல். திரும்பவும் இசை. ஐந்தாவது முறை முக்கியமானது என்றபோது வைத்துவிட்டு மனைவிக்குப் போட்டார்.

எடுத்ததும் கத்தினார். "என்ன திருத்தின நீ? பதினொன்னுன்னே இருக்கு! ஒருத்தன் ரெண்டா போயிருப்பான் தெரியுமா?"

மறுமுனையில் நூலகத்தின் அமைதி. அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அந்த இடத்தில் வேறு எப்படியும் பேச முடியாது. "நான் திருத்தினேன். நீங்க சொல்லச் சொல்ல, உங்க கண்ணு முன்னாடி. கழுத்து இன்னும் திரும்பல எனக்கு."

"அப்ப ஏன் பழசு இருக்கு?"

அவள் கேட்டாள்: "ஞாயித்துக்கிழம எந்தப் பெட்டியிலேர்ந்து எந்தப் பெட்டிக்கு இழுத்தீங்க?"

அவர் தன் கைகள் இரண்டையும் பார்த்தார். எது இடது, எது வலது என்று அந்த நேரத்தில் அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள். "நானும் அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன்."

லிஃப்ட் வேலை செய்யாது என்று பலகை மாட்டிவிட்டு, மேற்பார்வையாளர் கேட்ட எதற்கும் சரியாகப் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

வீட்டில் கோப்பைத் திறந்து பார்த்தார்கள். பதினொன்று. இருபத்தாறு இடங்களிலும் பழைய எண்களே இருந்தன. சர்வரில் இருந்த தப்பான கோப்பை எடுத்து வந்து, வீட்டில் இருந்த சரியான கோப்பின்மேல் அவரே போட்டு மூடியிருந்தார். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கைப்பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.

மணி பன்னிரண்டே முக்கால். பூட்டியதிலிருந்து ஒரு மணி நேரம் ஆக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பொறுக்காமல் அவர் இணைப்புப் பொத்தானை அழுத்தினார். பூட்டப்பட்டுள்ளது. இன்னொரு தடவை அழுத்தினார். பூட்டப்பட்டுள்ளது. பூட்டிய நேரத்துக்குள் ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு மணி நேரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை மனைவிதான் படித்தாள். மவுஸைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க. ரெண்டு மணி ஆகட்டும். அதுவரைக்கும் போன் போடுங்க."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

முப்பத்தொரு பேர். அவள் ஒரு தாளில் பட்டியல் எழுதினாள். அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "நான் ரிலே பேசறேன். அந்தப் பக்கத்துல எண்ணெல்லாம் தப்பு. நம்பாதீங்க. யாருக்காச்சும் குடுத்திருந்தா அவங்களுக்கும் சொல்லிருங்க." சிலர் சிரித்தார்கள். சிலர் பக்கத்தை இன்னும் பார்க்கவே இல்லை. ஒருவர், "அதான பாத்தேன், பதினொன்னுன்னு போட்டிருக்கே, அண்ணனுக்கு வயசாயிருச்சோன்னு நெனச்சேன்" என்றார். இன்னொருவர் இதுதான் சாக்கென்று தன் லிஃப்டின் வேறொரு கோளாறைச் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் அவர் யாருக்கும் தப்பாகச் சொன்னதில்லை.

பத்தொன்பதாவது ஆள் ஒரு கரகரக் குரல்காரர். அடிக்கடி பேசுவார், நேரில் பார்த்ததில்லை.

"பிரின்ட் எடுத்து பேனல் கதவுலயே ஒட்டிட்டேனே" என்றது கரகரக் குரல். "அந்த லிஃப்டும் தரைக்குக் கீழதான் நிக்குது. ரெண்டு மணி ஷிப்டுக்கு என் பார்ட்னர் வருவான். இதப் பாத்து சரி பண்ணிருடான்னு எழுதியும் வச்சிருக்கேன். நான் வீட்டுக்கு வந்துட்டேன்."

"அவருக்குப் போன் போடுங்க. இப்பவே."

"அவன் போன் ரிப்பேர்ல கெடக்குது."

சுவரில் மணி ஒன்று பத்து.

"அண்ணே, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். போயி அதக் கிழிச்சிருங்க. அது கதவு லைன்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. போன் துண்டிக்கப்பட்டது.

மீதிப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டார். என்ன பேசினார் என்று பிறகு கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்காது. மனைவி ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கோடு போட்டாள். அவர்கள் இருவரும் பத்தொன்பதாவது பெயரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. ஒன்றே முக்கால் ஆனது. ஒன்று ஐம்பது ஆனது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்று ஐம்பத்தாறுக்குப் போன் அடித்தது. முதலில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"கிழிச்சாச்சு" என்றது கரகரக் குரல். "எட்டு மாடி. லிஃப்ட நான்தான நிறுத்தி வச்சிருக்கேன், படியில ஏறினேன். அவன் அப்பத்தான் பெட்டியத் தொறந்துட்டு ஒயரத் தேடிட்டிருந்தான்."

ரிலே போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"லைன்ல இருக்கியா? கேளு. உன்ன நம்பித்தான் நான் பாக்காம ஒட்டினேன். வேற எவனாவது எழுதியிருந்தா மீட்டர் வச்சுப் பாத்திருப்பேன். போன வை."

அவர் வைத்தார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார். மனைவி பத்தொன்பதாவது பெயருக்கு நேராகக் கோடு போட்டாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

இரண்டு மணிக்குமேல் இன்னும் பத்து நிமிடம் பொறுத்து, அவளே இணைத்தாள். உள்ளே விட்டது. முழுப் பக்கத்தையும் திருத்த அப்போது நேரமில்லை. அவள் அதே பெயரில் ஒரு புதுக் கோப்பைத் திறந்து ஒரே வரி அடித்தாள்: 'இந்தப் பக்கத்தில் இருந்த டெர்மினல் எண்கள் தவறானவை. பயன்படுத்தாதீர்கள்.' அவர் மவுஸைப் பிடித்தார். இழுக்குமுன் வாய்விட்டுச் சொன்னார்: "இது நம்ம வீடு. அது சர்வர். வீட்டுலேர்ந்து சர்வருக்கு." இழுத்தார். கோடு ஓடியது. முடிந்தது என்றது.

முகவரியைப் போட்டுப் பார்த்தார். பழைய பக்கமே வந்தது. பதினான்கு, பதினொன்று.

மேஜையை ஒரு குத்து குத்தினார். தண்ணீர் டம்ளர் துள்ளி விழுந்தது. "என்ன எழவுடா இது! ஏத்திட்டேன்ல? ஏத்திட்டேன்ல இப்ப?"

"இருங்க." அவள் நூலகத்தில் உடன் வேலை பார்ப்பவளைக் கூப்பிட்டாள். "ஒரு அட்ரஸ் சொல்றேன், தொறந்து பாத்து என்ன வருதுன்னு படிங்க." போனை நடுவில் வைத்தாள். அந்தப் பெண் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு, "அவ்ளோதான், வேற ஒன்னும் இல்ல" என்றாள். ஊருக்கெல்லாம் மாறிவிட்டது; அவர் கம்ப்யூட்டர்தான், முன்பு பார்த்ததைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றினார். குனிந்தபடியே சொன்னார்: "உங்கிட்டப் போயிக் கத்திட்டேன்."

"ஆமா" என்றாள் அவள்.

நாலு மணிக்கு ஒன்பது மாடிக் கட்டடத்துக்குத் திரும்பி, பலகையைக் கழற்றி, லிஃப்டைச் சரிசெய்தார். படியேறிக் கால் வலித்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையை வாங்கிக்கொண்டார். தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை.

சனிக்கிழமை இருபத்தாறு இடங்களையும் மறுபடி திருத்தினார்கள். இந்த முறை அவர் அடித்தார், அவள் படித்தாள். ஏற்றுவதற்குமுன் சரியான கோப்பின் நகல்கள் இரண்டை வேறு வேறு பெயரில் வைத்தார். ஏற்றிய பிறகு அவள் நூலகத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகப் போனில் படித்துக் காட்டும்வரை யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார்: 'நான் எழுதியதானாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடாதீர்கள்.' அப்படிப் போட்டால் பிறகு பக்கம் எதற்கு என்றாள் அவள். ஆனாலும் வரி போனது.

கரகரக் குரல்காரர் ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. கடிதம் எதுவும் இல்லை. உள்ளே கம்பெனி மூடுவதற்குமுன் வந்த அசல் வயரிங் படங்கள் பதினான்கு இருந்தன; ஓரங்களில் அவர் கையால் எழுதிய குறிப்புகளும் இருந்தன. ரிலே இருபத்துமூன்று வருடத்தில் பார்த்திராத படங்கள். அவற்றை மேஜைமேல் பரப்பி, எழுந்து விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். ஒவ்வொன்றும் மேஜையளவு பெரியது. ஸ்கேன் செய்தபோது ஒவ்வொரு கோப்பும் ராட்சத அளவில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்ற உட்கார்ந்தார். முதல் மூன்றும் போயின. நான்காவது தொண்ணூறு சதவீதத்தில் நின்றது. இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி. எண்பத்தெட்டில் நின்றது. மறுபடி.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நீ சாப்பிடு. இன்னும் பதினொரு படம் இருக்கு" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. இடது பெட்டியில் விரலை வைத்து, நான்காவது கோப்பை மறுபடியும் இழுத்தார்.